வழக்கு மன்றத்திலிருந்து வைசிராய் மாளிகைக்கு

பதவியால் பெருமை பெறும் மனிதர் உண்டு. மனிதரால் பெருமை பெறும் பதவியும் உண்டு. அதிகாரம் மிகுந்த பதவிகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் அதிகாரம் இல்லாத பதவிகளும் இருக்கின்றன. உறுதிமொழி செய்து வைப்பது, விருந்தினரை வரவேற்பது, அமைச்சர்கள் எடுத்த முடிவின் கீழ்க் கையெழுத்திடுவது என்பவையே அவற்றின் வேலை. அத்தகைய நாற்காலியில் அமர்ந்து என்ன சாதித்துவிட முடியும் என்று பலரும் கேட்கிறார்கள். வரலாற்று வகுப்பில் இந்த வினா எழுந்தபோதெல்லாம் என் நினைவுக்கு வந்தவர் ஒருவரே. சேலத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கி, இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலாக உயர்ந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார்தாம் அவர். நாடு முழுவதும் அவரை ராஜாஜி என்றே அழைத்தது.

நான் வரதராஜன்பேட்டையைச் சேர்ந்தவன். முந்திரிக் காடுகள் சூழ்ந்த எங்கள் ஊர் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது; அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் உடையார்பாளையம் வட்டத்தில் இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ராஜாஜியின் பெயரைச் சொன்னால் இரண்டு வகையான விடைகள் கிடைக்கும். திருச்சியிலிருந்து உப்பெடுக்க நடந்து சென்றவர் என்று பெருமையாகச் சொல்வார் ஒருவர். குலக்கல்வி கொண்டுவந்தவர் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார் மற்றொருவர். இரண்டும் உண்மை என்பதுதான் அவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தூண்டியது. படித்தவற்றை என் மாணவ நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தொரப்பள்ளிச் சிறுவன்

அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ராஜாஜி பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்கார் அவ்வூர் முன்சீப்பு, தாயார் சிங்காரம்மாள். பிள்ளை மெலிந்த உடல்வாகு, கண்பார்வையும் குறைவு. தொரப்பள்ளியிலும் ஓசூரிலும் தொடக்கக் கல்வி, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டப் படிப்பு, சென்னையில் சட்டப் படிப்பு என அவருடைய கல்வி வளர்ந்தது. அந்த ஊர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. நம்மைப் போலவே கிராமத்தில் பிறந்து நகரத்துக்குச் சென்று படித்தவர் அவர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் நம்மில் பலருக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது. எழுத்தறிந்த குடும்பத்தில், கிராம அதிகாரியின் வீட்டில் பிறந்தவர் அவர். இந்த வேறுபாடு பின்னால் ஒரு பெரிய கேள்வியாக எழப்போகிறது.

சேலத்து வக்கீல்

1900-ஆம் ஆண்டில் சேலத்தில் அவர் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். குற்ற வழக்குகளில் அவருடைய கூர்மதி விரைவிலேயே வெளிப்பட்டது. உரத்த குரலோ, மேசையைத் தட்டும் ஆவேசமோ அவரிடம் இல்லை. எதிர்த் தரப்பு சொல்வதை அமைதியாகக் கேட்டு, அதில் எந்த முடிச்சு தளர்ந்திருக்கிறதோ அதைத் தேடி அவிழ்ப்பதே அவருடைய முறை. கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள், வருமானமும் பெருகியது. இராசிபுரத்தில் பிறந்த தேச பக்தர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு மீது 1917-ஆம் ஆண்டில் இராசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டபோது அவருக்காக வாதாடியவர் ராஜாஜியே.

அதே 1917-ஆம் ஆண்டில் சேலம் நகராட்சியின் தலைவரானார். 1919 வரை அப்பொறுப்பில் இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அந்நகராட்சியில் உறுப்பினராக இடம்பெற அவர் துணை நின்றார். தீண்டாமையை அவர் எதிர்த்தது அவருடைய உறவினர் பலருக்கே பிடிக்கவில்லை. இதற்கிடையே அவருடைய துணைவியார் அலர்மேல்மங்கை இளவயதிலேயே காலமானார். நாற்பது வயதை எட்டுமுன்னரே ஐந்து குழந்தைகளுக்குத் தந்தையும் தாயுமாக நிற்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அங்கியைக் களைந்தவர்

1919-ஆம் ஆண்டில் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு கொதித்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சென்னைக்கு வந்த காந்தியடிகள் ராஜாஜியின் இல்லத்திலேயே தங்கினார். நாடு முழுவதும் கடையடைத்து நோன்பிருப்பது என்ற எண்ணம் காந்தியடிகளுக்கு உதித்தது அந்த வீட்டில்தான். மறு ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் ராஜாஜி வக்கீல் தொழிலை விட்டார். செல்வமும் செல்வாக்கும் உச்சத்தில் இருந்தபோது விட்டார் என்பதே இதில் சிறப்பு. 1921 டிசம்பரில் கைதாகி வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் கழித்தார்.

1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி அங்கேயே குடியேறினார். நூல் நூற்பது, கதர் நெய்வது, தீண்டாமை ஒழிப்பது, குடிப்பழக்கத்தை எதிர்ப்பது ஆகியவையே அங்கு நாள்தோறும் நடந்த பணிகள். மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற இதழை 1929-இல் தொடங்கினார். அதில் அவருக்குத் துணையாசிரியராக உழைத்தவர் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் கல்கி.

திருச்சியிலிருந்து வேதாரண்யம்

நம் பகுதியினர் தனிப் பெருமையோடு நினைவுகூர வேண்டிய நிகழ்ச்சி இது. காந்தியடிகளின் தண்டி யாத்திரையைப் பின்பற்றி, 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் இல்லத்திலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் ராஜாஜி புறப்பட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக ஏறத்தாழ 150 மைல் நடை. நாமக்கல் கவிஞர் இந்த யாத்திரைக்கென்றே வழிநடைப் பாட்டு எழுதினார். தொண்டர்களுக்குச் சோறு போடுவோரும் இடம் கொடுப்போரும் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் அதற்கு அஞ்சவில்லை. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு, கொடுத்த கை எது என்று தெரியாமல் செய்தார்கள். ஏப்ரல் 30-ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்பள்ளிச் சட்டத்தை மீறிய ராஜாஜி கைதானார். சட்டம் படித்தவர், சட்டத்தைக் கொண்டே பிழைத்தவர், நீதியற்ற சட்டத்தை வெளிப்படையாக மீறி அதற்குரிய தண்டனையையும் மறுக்காமல் ஏற்றார்.

முதல் ஆட்சி

1937-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்காலத்தில் மாகாண முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1938-இல் விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கும் சட்டம் நிறைவேறியது. 1939-இல் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. கள்ளால் வந்த வருவாயை இழந்த அரசுக்கு ஈடு தேட விற்பனை வரியைக் கொண்டுவந்தார்.

ஆயினும் 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது தமிழகத்தைக் கொந்தளிக்கச் செய்தது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து ஆகிய இருவரும் சிறைப்பட்ட நிலையில் 1939-இல் உயிர் நீத்தனர். எதிர்ப்பவரின் உள்ளத்தைப் படிப்பதில் நீதிமன்றத்தில் வல்லவராக இருந்தவர், ஆட்சிப் பீடத்தில் அந்த வல்லமையைப் பயன்படுத்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. போரில் இந்தியாவைக் கேளாமலே ஈடுபடுத்தியதைக் கண்டித்து 1939 அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகியபோது இவரும் விலகினார்.

1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சேராமல் தனித்து நின்றார். முஸ்லிம் லீக்குடன் உடன்பாடு காண வேண்டும் என்று வாதாடினார். அதனால் காங்கிரசை விட்டே விலக நேர்ந்தது. கட்சித் தோழர்கள் பலர் இதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

வரவேற்பில்லாத வங்கம்

1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபோது ராஜாஜி மேற்கு வங்கத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அதிகாரமற்ற அணிகலப் பதவிக்கு அவர் வந்தது இதுவே முதல் முறை. இடமோ கல்கத்தா, அங்கே அவருக்கு நல்ல பெயர் இல்லை. 1939-ஆம் ஆண்டுத் திரிபுரி காங்கிரசில் சுபாஷ் சந்திர போசை எதிர்த்தவர் என்ற கோபம் வங்காளிகளுக்கு இருந்தது. சுபாஷின் தமையனார் சரத் சந்திர போஸ் இந்த நியமனத்தை எதிர்த்தார்.

பிரிவினையால் இரண்டாகப் பிளந்த மாகாணம். எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த அகதிகள். வகுப்புக் கலவரத்தில் புகைந்த நகரம். ஆளுநருக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. ஆனால் போய்ப் பார்க்கும் உரிமையும், கேட்கும் உரிமையும், சமாதானம் சொல்லும் உரிமையும் இருந்தன. அவற்றை அவர் முழுமையாகப் பயன்படுத்தினார். செப்டம்பர் முதல் நாள் கலவரத்தை நிறுத்தக் காந்தியடிகள் உண்ணா நோன்பைத் தொடங்கியபோது, முதியவரின் உயிருக்கு அஞ்சித் தடுத்துப் பார்த்தார் ராஜாஜி. காந்தியடிகள் இணங்கவில்லை. நகரம் அமைதி அடைந்து, எல்லாச் சமயத் தலைவர்களும் உறுதி அளித்த பின் செப்டம்பர் 4-ஆம் நாள் நோன்பு முடிந்தது. சில மாதங்களிலேயே கல்கத்தா தன் ஆளுநரை ஏற்றுக்கொண்டது. அணிகலப் பதவியின் முதற் பாடத்தை இங்கே நான் காண்கிறேன். ஆணையிட முடியாதவர் நம்பிக்கையைச் சம்பாதித்தே தீர வேண்டும்.

கையெழுத்தே கடமையாக

1947 நவம்பரில் பிரிட்டிஷ் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்காக மவுண்ட்பேட்டன் இலண்டன் சென்றபோது, இரு வார காலம் தற்காலிக கவர்னர் ஜெனரலாக ராஜாஜி இருந்தார். 1948 ஜூன் 21-ஆம் நாள் மவுண்ட்பேட்டன் விடைபெற்றதும் அப்பதவி அவருக்கே வந்தது. அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர்.

அந்தப் பதவியின் தன்மையைச் சற்று விளக்குவது நல்லது. 1947-ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டப்படி, அரசியலமைப்பு எழுதி முடிக்கப்படும்வரை இந்தியா ஒரு டொமினியன். அரசர் ஆறாம் ஜார்ஜின் பெயரால் சட்டங்களுக்கு இசைவளிப்பவர் கவர்னர் ஜெனரல். ஆனால் முடிவெடுப்பது பிரதமர் நேருவின் அமைச்சரவை. உப்புச் சட்டத்தை மீறி அரசரின் சிறையில் இருந்தவர், இப்போது அதே அரசரின் பெயரால் கையெழுத்திட வேண்டும்! வரலாறு சில சமயம் இப்படியும் புன்னகை செய்கிறது.

340 அறைகள் கொண்ட வைசிராய் மாளிகையில் அவர் எப்படி வாழ்ந்தார்? வைசிராய்கள் வாழ்ந்த பெரிய அறைகளை விருந்தினருக்கு விட்டுவிட்டு, விருந்தினருக்கு என்றிருந்த சிறிய அறைகள் சிலவற்றைத் தமக்கு எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர்களும் அப்பகுதியிலேயே குடியிருந்தனர். தம் துணிகளைத் தாமே துவைத்தார். காலணியைத் தாமே துடைத்தார். நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவியதால் மாளிகை நிலத்தின் ஒரு பகுதியில் கோதுமை பயிரிடச் செய்தார். கதர் வேட்டியும் துண்டுமே அவருடைய அரசவை உடை.

எளிமையைக் காட்டிலும் கடுமையான சோதனை ஒன்று 1949-இல் வந்தது. காந்தியடிகளைக் கொன்ற நாதுராம் கோட்சேவுக்கும், உடந்தையாயிருந்த நாராயண் ஆப்தேவுக்கும் தூக்குத் தண்டனை உறுதியாகிவிட்டது. காந்தியடிகளின் புதல்வர்களான மணிலாலும் ராமதாசும், தம் தந்தை மரண தண்டனையை ஏற்காதவர் என்பதால் தண்டனையைக் குறைக்குமாறு வேண்டினர். கருணை மனு வந்து சேர வேண்டிய இடம் கவர்னர் ஜெனரலின் மேசை. அந்த மேசையில் இருந்தவரோ காந்தியடிகளின் சம்பந்தி. ராஜாஜியின் மகள் லட்சுமியும் காந்தியடிகளின் மகன் தேவதாசும் 1933-இல் திருமணம் செய்துகொண்டிருந்தனர். அகிம்சையைப் போற்றியவர், கொலையுண்டவரின் உறவினர், குற்ற வழக்குகளில் பல உயிர்களுக்காக வாதாடிய வக்கீல். இந்த மூன்று மனிதரும் அன்று ஒரே நாற்காலியில் இருந்தனர். நேருவும் பட்டேலும் தண்டனையைக் குறைக்க உடன்படவில்லை. மனு மறுக்கப்பட்டது. 1949 நவம்பர் 15-ஆம் நாள் அம்பாலா சிறையில் தண்டனை நிறைவேறியது.

அவர் செய்தது சரியா தவறா என்று நம்முள் இன்றும் வாதிடலாம். மரண தண்டனையை எதிர்ப்பவர்களுக்கு இது நெருடலாகவே இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறவைச் சொல்லிப் பழி தீர்க்கவும் இல்லை. உறவினரின் வேண்டுகோளுக்காக மக்களாட்சி அமைச்சரவையை மீறவும் இல்லை. அந்த நாற்காலிக்குச் சொந்தக் குரல் கிடையாது என்பதை உணர்ந்து அமர்ந்திருந்தார். வக்கீல் தொழில் இதற்கு அவரைப் பழக்கியிருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். தம் கருத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வழக்கை முறைப்படி நடத்துவதுதானே வக்கீலின் முதல் ஒழுக்கம்!

குடியரசின் வாசலில்

1950 ஜனவரி 26-ஆம் நாள் காலை, தில்லி தர்பார் மண்டபத்தில் இந்தியா இறையாண்மை மிக்க மக்களாட்சிக் குடியரசு ஆனது என்ற அறிவிப்பை ராஜாஜி படித்தார். டாக்டர் ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலிருந்து தொடர்ந்த பதவி, தொரப்பள்ளிக்காரர் ஒருவர் படித்த ஓர் அறிவிப்போடு முடிந்தது.

முதல் குடியரசுத் தலைவராகவும் ராஜாஜியே இருக்க வேண்டும் என்று நேரு விரும்பினார். 1942-இல் இயக்கத்துக்கு வெளியே நின்றவர் என்பதைக் காங்கிரசார் மறக்கவில்லை. வாய்ப்பு நழுவியது. வேறொருவராயின் மனக்கசப்போடு ஒதுங்கியிருப்பார். இவரோ அவ்வாண்டிலேயே நேருவின் அமைச்சரவையில் இலாகா இல்லாத அமைச்சராகச் சேர்ந்தார். டிசம்பரில் பட்டேல் மறைந்ததும் உள்துறைப் பொறுப்பை ஏற்றார். 1952-இல் சென்னை மாநில முதலமைச்சராகவும் ஆனார். நாட்டின் தலைமை நாற்காலியில் இருந்தவர் படிப்படியாகக் கீழிறங்கிப் பணி செய்வதைத் தாழ்வாகக் கருதவில்லை. மேலே ஏறும் வழியைச் சொல்லித்தர நூறு பேர் உண்டு. கீழே இறங்கும் வழியை நடந்து காட்டியவர் சிலரே.

மீண்டும் அதிகாரம், மீண்டும் புயல்

1952-இல் அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்ததன் வழியே முதலமைச்சரானார். இது மக்களாட்சி மரபுக்கு ஒத்ததா என்ற கண்டனம் அன்றே எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. உணவுக் கட்டுப்பாட்டை நீக்கி ரேஷன் வரிசையிலிருந்து மக்களை விடுவித்தது அவருடைய துணிச்சலான வெற்றி. தஞ்சைப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்பளிக்கும் அவசரச் சட்டமும் 1952-இல் அவர் காலத்தில் வந்ததே.

1953-இல் தொடக்கக் கல்வியில் புதிய திட்டத்தைப் புகுத்தினார். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் படிப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளியும் ஆசிரியரும் போதாத நிலையில் இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. ஆனால் குயவன் மகன் குயவனாகவும், கூலியாள் மகன் கூலியாளாகவும் தங்கிவிடும் வழி இது என்று கண்டார் பெரியார் ஈ. வெ. ரா. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

இதை நான் ஏட்டுச் செய்தியாகப் படித்துக் கடந்துபோக முடியவில்லை. முந்திரிக் கொட்டை உடைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ள ஊரிலிருந்து வருபவன் நான். பாதி நாள் பள்ளி என்றால், மீதி நாள் எங்கள் பாட்டன்மார் கற்கும் குலத்தொழில் என்னவாக இருந்திருக்கும்? கொட்டை உடைத்துப் பால் பட்டுக் கறுத்த விரல்கள்தாம் மிஞ்சியிருக்கும். இந்த மலரில் எழுதும் நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். முழுநாள் பள்ளியும், காமராசர் காலத்து மதிய உணவும் இன்றி நாம் இங்கே வந்திருக்க மாட்டோம். எழுத்தறிந்த வீட்டில் பிறந்தவருக்குப் பாதி நாள் பள்ளி போதுமானதாகத் தோன்றியிருக்கலாம். வீட்டில் எழுத்தே இல்லாத பிள்ளைக்கு அது போதாது.

அந்திக் காலம்

1954-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன், சர் சி. வி. இராமன் ஆகியோருடன் முதல் பாரத ரத்னா விருது பெற்றார். 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்காக 1958-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். எண்பது வயதைத் தாண்டி, 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962-இல் அமெரிக்கா சென்று அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு அதிபர் கென்னடியிடம் வாதாடினார். ஒரு காலத்தில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், அறுபதுகளில் இந்தியை மட்டும் ஆட்சிமொழியாக்குவதை எதிர்த்தார். 1967 தேர்தலில் தி.மு.க.வுடன் கூட்டணி கண்டு காங்கிரசு ஆட்சி முடிவுற உதவினார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்படவிருந்தபோது, தள்ளாத வயதில் கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று அதைக் கைவிடுமாறு வேண்டினார். வேண்டுகோள் பலிக்கவில்லை. 1972 டிசம்பர் 25-ஆம் நாள், 94-ஆம் வயதில் சென்னையில் காலமானார்.

நாம் கொள்ள வேண்டியது

இந்த நீண்ட வாழ்க்கையை ஒருசேர நோக்கும்போது எனக்கு ஓர் உண்மை புலப்படுகிறது. அதிகாரம் இல்லாத நாற்காலிகளில் ராஜாஜி பிறர் குரலுக்குக் காது கொடுத்தார். கல்கத்தாவும் தில்லியும் அவரை மதித்தன. அதிகாரம் உள்ள நாற்காலியில் இரண்டு முறை தம் அறிவை மட்டுமே நம்பினார். இரண்டு முறையும் மக்கள் அவருக்கு எதிராக எழுந்தனர். அறிவு குறைந்ததால் வந்த தோல்வியல்ல அது. கேட்பது குறைந்ததால் வந்தது.

நம் கல்லூரியிலிருந்து சட்டக் கல்லூரிக்குச் செல்ல எண்ணும் நண்பர்கள் இருக்கிறார்கள். நாளை அவர்களுள் சிலர் நீதிமன்றத்திலும், சிலர் மன்றங்களிலும், ஓரிருவர் உயர்ந்த நாற்காலிகளிலும் அமரக்கூடும். அந்த நாற்காலிக்கு அதிகாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதில் அமர்ந்திருக்கும்போது எதிரே நிற்பவர் சொல்வதை முழுதும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். சேலத்து வக்கீலின் நிறையும் குறையும் சேர்ந்து நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.